கடுகில் பாதி

வருகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை. 'தங்கள் சேவைப் பொறியாளர் இன்று முற்பகலில் வருகை தருவார்' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது, என்னமோ மந்திரி வருகிற மாதிரி. எதுவரைக்கும் முற்பகல் என்று அதில் இல்லை. நான் குளித்து, தோசை சுட்டு அப்பாவுக்கு வைத்து, நானும் அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டைத் தின்று, மாடியறைக்கு வந்து புது லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாயிற்று. புள்ளி இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டிருக்கும் என்று ஒரு நப்பாசை, திறக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தேன். எனக்கு வலப்பக்கம், திரையின் பாதிக்குக் கொஞ்சம் கீழே, கடுகில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. இப்போது அது என் வாத்துக்குட்டியின் அலகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாத்தை இடதுபுறம் தள்ளினால் யானைக்குட்டியின் காதில் போய் உட்காருகிறது. யானையையும் தள்ளிவிட்டால் வெறும் ஆகாயத்தில் தூரத்துக் காக்கை மாதிரி நிற்கிறது. காக்கை என்றே வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாமா என்றுகூட நேற்று யோசித்தேன். முடியாது. நான் வாத்தும் யானையும் வரைந்து பிழைக்கிறவள். கைக்குழந்தைகளின் பனியனில், ஜட்டியில், குல்லாவில் வருகிற படங்களெல்லாம் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைவதுதான், திருப்பூரில் அந்த யாரோ ஒருத்தர்களில் நான் ஒருத்தி. பூனையின் கண்ணுக்கு வைத்த புள்ளி எது, திரையில் இருக்கும் புள்ளி எது என்று தெரியாமல் போனால் ஒற்றைக் கண் பூனையோடு நாலாயிரம் பனியன் கப்பலேறிவிடும். சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துவிட்டு மறுபடியும் புள்ளியைப் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்க்கிறது.

கீழே அப்பா பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்கிறது. அப்பா பேப்பர் படிக்கும்போது தாளுக்கு வலிக்கும். முப்பத்தி மூன்று வருசம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கை, எதைத் தொட்டாலும் ஸ்பேனரைத் தொடுகிற மாதிரிதான் தொடும். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைனர் வேலையை விட்டுவிட்டேன், இனிமேல் சொந்தமாகப் பண்ணப்போகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்ன அன்றைக்கும் இதே சத்தம்தான். "ம்ம்" என்றார். ஒரு பக்கம் புரட்டினார். அம்மாவாவது "ஏஞ்சாமி, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு" என்று புலம்பினாள், புலம்பி முடித்ததும் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், அதோடு அவள் கணக்கு தீர்ந்தது. அப்பாவின் "ம்ம்" இன்னும் அந்தச் சாப்பாட்டு மேசை மேலேயே கிடக்கிறது. மாசம் பிறந்தால் சம்பளம் என்பதற்காக யூனியன் கொடி பிடித்துத் தெருவில் உட்கார்ந்த மனுசன். நிரந்தர வேலையை மகள் தானாக விட்டுவிட்டு வந்தால் என்ன சொல்வார்? ஏதாவது சொல்லலாம். திட்டலாம். 'உனக்கு மூளை கெட்டுப் போச்சா அறிவுக்கொடி' என்று கேட்கலாம், அந்தப் பெயரை வைத்தவருக்கு அதற்கு உரிமை உண்டு. ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப் வந்த வெள்ளிக்கிழமை மாடிக்கு வந்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பாடி கட்டி வந்த புது பஸ்ஸைச் சுற்றுகிற மாதிரி மேசையைச் சுற்றினார். "இது எத்தன வருசம் ஓடும்?" "அஞ்சு வருசம் வரும்ப்பா." "டிப்போவுல ஒரு வண்டி பத்து வருசம் ஓடும்." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். நல்லா இருக்கு அம்மிணி என்று ஒரு வார்த்தை. இந்த வயதில் அதற்கு ஏங்குவது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏங்குகிறேன், அதை யாரிடம் மறைக்க.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது, அது எனக்கும் இந்த நாற்காலிக்கும்தான் தெரியும். பழைய கம்பெனியின் கற்பகம் மேடம் நேற்றுக் கூப்பிட்டார். "உன்ற சீட்டு காலியாத்தான் கெடக்குது கொடி. திங்கக்கெழம வர்றதுன்னா வா, இல்லீன்னா நாளைக்குப் பொழுதோட சொல்லீரு, வேற ஆளப் பாக்கோணும்." அந்த நாளை இன்றைக்கு. லேப்டாப்பை மாற்றித் தருவதற்கும் இன்றுதான் கடைசி நாள். நான் என்ன செய்தேன் என்றால், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். எங்கள் பக்கம் கோயிலில் பூக் கேட்பார்கள், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் உத்தரவு தெரிந்துவிடும். அம்மா மாடு வாங்குவதிலிருந்து மாவு மில் மாற்றுவது வரைக்கும் பூக் கேட்டுத்தான் செய்வாள். நான் லேப்டாப்பிடம் பூக் கேட்டிருக்கிறேன். வருகிறவர் திரை பழுது என்று எடுத்துக்கொண்டு போனால், வேறு வருவதற்குள் இரண்டு வாரம் ஆகும், திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய என் முதல் வேலை படுத்துவிடும், அப்படியானால் கற்பகம் மேடத்திடம் வருகிறேன் என்று சொல்லிவிடுவது. பழுது இல்லை என்றால் இங்கேயே இருப்பது. கடவுள் இல்லை என்று சொல்லி வளர்த்தவரின் மகள் செய்கிற காரியமா இது? அப்பாவுக்குத் தெரிந்தால் அந்த 'ம்ம்'கூட வராது. அதைவிட மோசம், நேற்று ராத்திரியிலிருந்து எந்தப் பூ விழ வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் தோற்கவில்லை, மெசின் தோற்றது என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் எவ்வளவு சாமர்த்தியமாக வழி கண்டுபிடிக்கிறது.

சரி, புள்ளி ஒன்றுதான் குறை என்றால் பரவாயில்லை. மூடியைத் திறந்தால் இடதுபக்கக் கீல் கிறீச் என்கிறது, புதுக் கதவு மழைக்கு உப்பின மாதிரி. திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உள்ளே இருக்கும் ஃபேன் கிரைண்டர் ஓடுகிற சத்தம் போடுகிறது, நான் வரைவதோ ஒரு வாத்து, இதற்கு அதென்ன அவ்வளவு மூச்சிரைப்பு. கீபோர்டில் கீழே நீளமாக இருக்கும் கட்டையின் வலது ஓரத்தை அழுத்தினால் அழுந்தாது, இடது ஓரத்தை அழுத்தினால் இரண்டு இடைவெளி விழும். வெள்ளைத் தாளைத் திறந்தால் வெளிச்சம் தானாக மங்குகிறது, கறுப்பைத் திறந்தால் தானாகப் பிரகாசமாகிறது, யாருக்கு எதிராக இந்தப் பிடிவாதமோ. கடுகு மஞ்சள் போட்டால் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிகிறது. இதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன், புது மருமகளின் குணம் மாதிரி, பழகப் பழகச் சரியாகும் என்று. புள்ளிதான் தூங்கவிடவில்லை. கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒரு பெண் தேனில் ஊறிய குரலில் பேசினாள். "மேடம், திரையை முழுச் சிவப்பாக மாற்றுங்கள். புள்ளி தெரிகிறதா?" தெரிகிறது. "பச்சையில்?" தெரிகிறது. "நீலத்தில்?" தெரிகிறது. "இப்போது முழுக் கறுப்பாக மாற்றுங்கள். புள்ளி தெரிகிறதா?" கறுப்பில் கறுப்பு எப்படிம்மா தெரியும் என்றேன். "அப்படியானால் கறுப்பில் பிரச்சினை இல்லை என்று பதிவு செய்கிறேன்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள், ஒரு புள்ளி இருந்தால் அது குறையாகாதாம், சில புள்ளிகளாவது இருந்தால்தான் குறையாம். மீதிப் புள்ளிகளை நான் எங்கே போய்த் தேட? அப்புறம், சாதாரணமாக உயிர்விடுகிற புள்ளி கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும், நீங்கள் சொல்வது பெரிதாக இருக்கிறது, பல புள்ளிகள் சேர்ந்து போயிருக்கலாம், ஆள் அனுப்புகிறோம், அதுவரை அழுத்தித் துடைக்க வேண்டாம், அழுத்தினால் பரவும் என்றாள். பரவும் என்ற சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் கண்ணாடி துடைக்கும் துணியால், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒரே ஒரு தடவை தடவினேன். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தபோது அது இல்லை, சத்தியமாக இல்லை, வெள்ளியும் சனியும் திரையை முகம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை காலையில் இருந்தது. நடுவில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை வந்தது. மாமா மகள் ரேவதி, அவள் வீட்டுக்காரர், இரண்டு வாண்டுகள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள், அதுவும் அப்பா மீசைக்கு டை அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். ஞாயிறு காலை என்றால் அப்பாவுக்கு அது ஒரு சடங்கு, சடங்கு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எண்ணெய் பாட்டில் மூடியில் பொடியைக் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, வாட்டர் கலர் பிரஷ்ஷால் (என் பழைய பிரஷ்தான்) குழைத்து, வாசல் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு மயிராக அடிப்பார். எங்கள் வீட்டில் அந்த டை படாத பொருள் கிடையாது. துண்டில், தலையணை உறையில், வாஷ்பேசினில், ஒரு தடவை தயிர்ச் சட்டியின் விளிம்பில்கூட. நடுவில் கறுப்பாக, ஓரத்தில் செம்மண் நிறம் படர்ந்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மா "இந்த மனுசன் செத்தாலும் இந்தக் கற சாவாது" என்பாள். பாதி மீசை கறுப்பு, பாதி மீசை வெள்ளையாக இருந்த நேரத்தில் ரேவதி படியேறினாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி தலையை ஆட்டி வரவேற்றார். வந்தவர்கள் நேராக மாடிக்கு வந்தார்கள். "அடேங்கப்பா, என்ன பெருசு! என்ன பளபளப்பு! இனி அக்காவக் கையில புடிக்க முடியாது, மொதலாளியம்மா" என்றாள் ரேவதி. அவள் வீட்டுக்காரர் வாயே திறக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். வாண்டு விரலை நீட்டியது, நான் தடுத்தேன். தடுத்தேனா? அந்த விரலாக இருக்குமோ என்று மூன்று நாளாக அந்தக் குழந்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன், பாவம். டீ குடித்து, முறுக்குத் தின்று, அவர்கள் கிளம்பி, நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அப்பா மாடிப்படியில் இறங்கிவருகிறார், பாதி மீசை அப்படியே வெள்ளையாக இருக்கிறது, கையில் மூடியும் பிரஷ்ஷும். "தண்ணித் தொட்டி ரொம்பீருச்சான்னு பாக்கப் போனேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. அந்த மீசையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வேறெதுவும் தோன்றவில்லை.

போன் அடித்தது, பொறியாளரோ என்று பாய்ந்தேன். அம்மா. ஆடி மாசத்துக்கு அம்மன் கோயில்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில், லேப்டாப் வருவதற்கு முதல் நாளே கிளம்பிப் போனவள், இப்போது எந்த அம்மன் என்று அவளுக்கே தெரியவில்லை. "பொட்டிக்குச் சாம்பிராணி காட்டுனயா? ஒரு எலுமிச்சங்காயாவது வெச்சயா? அந்த ரேவதி புருசன் வந்து பாத்துட்டுப் போனான்னு சொன்ன, அவன் கண்ணு கொள்ளிக்கண்ணு. போன வருசம் எங்கக்கா வீட்டு மாட்டப் பாத்தான், மறுநாளே படுத்துக்கிச்சு." எலுமிச்சங்காயை எங்கேம்மா வைக்க, டயருக்கு அடியிலா என்றேன். பின்னால் பாட்டும் கொட்டும், பஸ் கிளம்புகிறது, போனை வைத்துவிட்டாள். இதே எலுமிச்சங்காய்ப் பேச்சை வெள்ளிக்கிழமையும் பேசினாள், அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா படியில் நின்றுகொண்டே "மெசினுக்கு என்னத்துக்கு எலுமிச்சங்கா? கிரீசு வெய்யி, ஓடும்" என்று சத்தம் போட்டார். ஆயுத பூஜையன்று டிப்போவே சந்தனமும் வாழைக்கன்றுமாக நிற்கும்போது, தன் வண்டிக்கு மட்டும் பொட்டு வைக்க விடாதவர். பொரிகடலை மட்டும் வாங்கிக்கொள்வார், பொரியில் சாமி இல்லை என்பார். நாச்சிமுத்து என்று பெயர் வைத்த தகப்பனார் மேல் கடைசிவரைக்கும் அவருக்கு வருத்தம் உண்டு. இந்தப் பக்கத்தில் பிள்ளைகளை எல்லாரும் சாமி சாமி என்று கொஞ்சுவார்கள், அப்பா ஒருநாளும் என்னைச் சாமி என்றதில்லை, அம்மிணி, கண்ணு, கோபம் வந்தால் முழுப் பெயர்.

வேலையைப் பார்ப்போம். உட்கார்ந்து புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை தானாக நடக்குமா. வேலை கொடுத்த பனியன் கம்பெனியில் ஆறு டிசைனோடு ஒரு அட்டையும் கேட்டிருக்கிறார்கள், பனியனில் தொங்குகிற விலை அட்டை, அதற்கு முதலாளியம்மாவின் பேரக்குழந்தை போட்டோவை அனுப்பியிருக்கிறார்கள். குண்டுக் குழந்தை, பல் இரண்டு, சிரிப்பு முகம் முழுக்க. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. 'அந்தப் பொட்டை எடுத்துவிடுங்கள், வெளிநாட்டுக்காரன் அழுக்கு என்று நினைப்பான்' என்று செய்தி. சரி, எடுத்துவிடுவோம். பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் பூசினேன். போகவில்லை. இன்னும் பூசினேன். கன்னம் மாவு பூசின மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது, பொட்டு மட்டும் போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், அட, பொட்டு எப்போதோ போய்விட்டது, நான் இத்தனை நேரமாக அழித்துக்கொண்டிருப்பது திரையின் புள்ளியை! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கீழே பேப்பர் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. குழந்தையின் பொட்டு இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, அதே கன்னத்தில். எனக்கும் அம்மா அங்கேதான் வைப்பாள், இடது கன்னத்தில், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும்கூட. அப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். தெருமுனை திரும்பியதும், அம்மா கண்ணுக்கு மறைந்ததும், சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டு என் கன்னத்தை அழுத்தித் துடைப்பார். கிரீஸ் வாசனையடிக்கும் கட்டைவிரல். "எம்புள்ளைய எந்தக் கண்ணும் ஒன்னும் பண்ணாது. படிச்சாப் போதும்." தினமும் அவள் வைப்பாள், தினமும் இவர் துடைப்பார், அது பற்றி அவர்களுக்குள் ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. கன்னம் எரியும். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

இந்தப் புள்ளியை ஒரு தடவையாவது கிட்டத்தில் பார்த்தேனா? கம்பெனிக்கு அனுப்பின போட்டோகூடத் தூரத்தில் நின்று எடுத்தது. போனை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். உயிர்விட்ட புள்ளி சதுரமாக இருக்கும் என்று எங்கேயோ படித்தேன். இது சதுரமில்லை. வட்டமுமில்லை. ஒரு பக்கம் சற்று இழுத்து, வாலாக முடிகிறது, மெல்லிய மயிரிழை ஒன்றே ஒன்று வெளியே நீண்டிருக்கிறது, பிரஷ்ஷை வைத்து எடுக்கும்போது நுனி தடுமாறினால் விழுகிற இழை, அதை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். நடுவில் நல்ல கறுப்பு. ஓரத்தில் செம்மண் நிறம். துண்டில் இருக்கும் செம்மண். தலையணை உறையில் இருக்கும் செம்மண். போனைக் கீழே வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். தண்ணித் தொட்டி ரொம்பீருச்சான்னு பாக்கப் போனேன். தொட்டி பார்க்கப் போகிறவருக்கு மூடியும் பிரஷ்ஷும் என்னத்துக்கு? ஏன் அந்த இடத்தில், ஓரத்தில் எங்கேயாவது வைத்திருக்கலாமே, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல்? எனக்கு வலப்பக்கம். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் திரைக்கு அது இடப்பக்கம். பாதிக்குக் கொஞ்சம் கீழே. கன்னம். அப்பா இதற்குக் கன்னம் தேடி வைத்திருக்கிறார். அம்மா சொல்லிச் செய்திருப்பாரோ? அம்மா சொல்லி அப்பா கேட்ட சரித்திரம் இந்த வீட்டில் கிடையாது. வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, பாதி மீசையை அப்படியே விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு அத்தனை படியும் ஏறி, யாரும் இல்லாத அறையில், தான் எழுபது வயதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காரியத்தை, என் பிரஷ்ஷால், என் லேப்டாப்புக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்கில்தான் வேலை, துண்டைத் தேடினால் அதன் ஓரத்திலும் செம்மண் கறை.

"மேடம், லேப்டாப் சர்வீஸுங்க" என்று வாசலில் குரல் கேட்டது. அப்பா "மேல போங்க" என்கிறார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார், கழுத்து அட்டையில் நவ்ஷாத் என்று இருக்கிறது, சிரித்த முகம். உட்கார்ந்தார், கீலைத் திறந்தார், கிறீச். "புள்ளி எதுங்க மேடம்?" காட்டினேன், வேறென்ன செய்ய. குனிந்தார், தலையைச் சாய்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "இது உள்ள இருக்கற மாதிரி தெரியலீங்களே. மேல என்னமோ பட்டிருக்குதுங்க. ஒரு நிமிசம்" என்று பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார், துணியைக் கட்டைவிரலில் சுற்றினார், இரண்டு சொட்டு விட்டார். கட்டைவிரல் திரையை நோக்கிப் போகிறது. தெருமுனை, சைக்கிள், ஊன்றின கால். "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் கை ஆகாயத்தில் நின்றது. கீழே பேப்பர் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. "இல்லீங்க, அது... அது இருக்கட்டுங்க. கீல் கிறீச்சுங்குது, அதப் பாருங்க. ஃபேன் சத்தம் போடுது, அதயும் பாருங்க." "புள்ளிக்குத்தானுங்களே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கறீங்க. அத என்னன்னு எழுதறதுங்க?" "சரியாயிருச்சுன்னு எழுதிக்கங்க." "நான் ஒன்னுமே பண்ணலீங்களே மேடம்." "பரவால்லீங்க, பண்ணுனவங்க பண்ணீட்டாங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கீலை இரண்டு திருகு திருகினார், கிறீச் போயிற்று. அழுந்தாத கட்டையைக் கழற்றி மாட்டினார், அழுந்துகிறது. ஃபேனுக்கு ஏதோ ஒரு அமைப்பை மாற்றினார், கிரைண்டர் மின்விசிறி அளவுக்கு இறங்கியது. மஞ்சள் மட்டும் மஞ்சளாக வரவில்லை, அது அப்படித்தான் இருக்கும் மேடம் என்றார். இருக்கட்டும். பூக் கேட்டேனே, எந்தப் பூ விழுந்தது என்று அவர் படியிறங்கும்போதுதான் நினைப்பு வந்தது. பூவே தேவைப்படவில்லை. கற்பகம் மேடத்தைக் கூப்பிட்டு, "நான் வரலீங்க மேடம்" என்றேன். "நல்லா யோசிச்சுட்டியா?" "யோசிச்சுட்டனுங்க."

கீழே போனேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார். மீசை இரண்டு பக்கமும் நல்ல கறுப்பு. "என்ன சொல்லீட்டுப் போறான்?" "மெசினுல பழுது ஒன்னும் இல்லியாம்ப்பா." "நாஞ்சொல்லல?" "அந்தப் புள்ளி மட்டும் போகாதாமா." பேப்பர் அசையவில்லை. ஒரு பக்கம் புரட்ட வேண்டிய நேரம் தாண்டியும் புரட்டவில்லை. "அது என்ன பண்ணுது உன்ன" என்றார் கடைசியில், "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது." "அதாம்ப்பா, நானும் அதையேதான் சொன்னேன்." "ம்ம்." இது வேறு 'ம்ம்'. படியில் இரண்டு எட்டு வைத்திருப்பேன், "அம்மிணி" என்றார். திரும்பினேன். "திங்கக்கெழம குடுக்கோணுமல்ல? இங்க என்ன நின்னுக்கிட்டு, போ, போயி வேலயப் பாரு." திங்கட்கிழமை என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. மாடியில் நான் போனில் பேசுவதெல்லாம் கீழே இறங்கி அந்தப் பேப்பருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

வாத்து காத்திருக்கிறது. யானையும்தான். கிறீச் இல்லாமல் திறந்தது, வெள்ளைத் தாள் வந்தது, வெளிச்சம் தன் பிடிவாதத்தோடு மங்கியது. புள்ளி அதன் இடத்தில் இருக்கிறது. வரைகிற படத்தை இனி இடது பாதியில் வைத்துக்கொண்டால் ஆயிற்று, இடமா இல்லை. துணியால் தடவினேனே அன்றைக்கு, அதில் லேசாக மங்கியிருக்கிறதோ? கிட்டத்தில் பார்த்தால் ஆமாம், ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வாசல் கண்ணாடி முன்னால் நின்று மூடியில் பொடியைக் குழைக்கும்போது இதைக் கீழே எடுத்துப்போய்ப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும். இன்னொரு தடவை வையுங்கள் என்று வாயால் கேட்டால் மாட்டேன் என்பார், கிரீஸ் வை என்பார். அதனால் ஒன்றும் கேட்கக் கூடாது. வைத்துவிட்டு, தண்ணித் தொட்டி ரொம்பிவிட்டதா என்று பார்க்க நான் மாடிக்குப் போய்விட வேண்டும்.